பங்கீட்டு அரிசியும் மலைச் சாமையும்



போர்க்காலப் பங்கீடும் குடும்பச் சமையலும் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இதைச் சென்னையில் பேசியிருக்கலாம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரில்தான் பேசுவேன் என்று கேட்டுக்கொண்டதற்குக் காரணம் எங்கள் ஆயா. அம்மாவைப் பெற்றவர். அவருடைய சமையலறையில் ஒரு பித்தளை ஆழாக்கு இருந்தது. எட்டு ஆழாக்கு கொண்டது ஒரு படி. அரிசியை அளந்து முறத்தில் கொட்டிய பிறகு அதிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையிலிருக்கும் சின்னப் பானையில் போடுவார். அதற்குப் பிடியரிசி என்று பெயர். மாதக் கடைசியில் அந்தப் பானைதான் வீட்டைக் காப்பாற்றும். வீட்டில் நெல் மூட்டையாக அடுக்கியிருந்த காலத்திலும் அந்தப் பிடியை அவர் நிறுத்தவில்லை. ஏன் ஆயா என்று கேட்டால் ஒரே பதில்தான்: “நாப்பத்திரண்டைப் பாத்தவ நான்.”

அந்த ஆண்டு என்ன நடந்தது என்பதை மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. சென்னை மாகாணம் தன் விளைச்சல் போதாமல் அந்த அரிசியை நம்பியிருந்த மாகாணம். ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பில் குண்டு விழுந்தது, மறுநாள் விசாகப்பட்டினத்தில். அடுத்தது சென்னை என்ற அச்சத்தில் ஊரே காலியானது. தாத்தா அச்சகத்தில் வேலை பார்த்தவர். அவர் தங்கிக்கொண்டு ஆயாவையும் மூன்று பிள்ளைகளையும் ரயிலேற்றிப் போளூரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார். அப்போது அது வடஆர்க்காடு மாவட்டம். அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் மேற்கே உங்கள் மலை தெரியும்.

போளூர்ச் சந்தைக்கு மலையிலிருந்து புளியும் தேனும் கொள்ளும் சாமையும் இறங்கும். சுமந்து வரும் பெண்கள் திரும்பும் முன் அந்தத் திண்ணையில் சற்று உட்காருவார்கள். அரிசி விலை ஏற ஏற, ஆயா அவர்களிடம் சாமை வாங்கத் தொடங்கினார். வாங்கிவிட்டாரே தவிர ஆக்கத் தெரியவில்லை. முதல் நாள் அரிசியும் சாமையும் ஒன்றாக உலையில் போட்டார். சாமை குழைந்து களியானது, அரிசி விறைத்து நின்றது. அடுத்த வாரம் வந்த மலையாளி அக்கா ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “அரிசி முக்கால் வேக்காடு வரட்டும்மா, அப்புறம் சாமையைப் போடு, ஒரு கொதி வந்ததும் எரியறதை இழுத்துடு, கங்குலயே அது வெந்துக்கும்” என்று சொல்லிக்கொடுத்தாராம். எங்கள் குடும்பத்தின் போர்க்காலச் சமையல் அந்த வாக்கியத்தில் தொடங்கியது. அந்த அக்காவின் பெயர் ஆயாவுக்கு நினைவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம். (வெளியூர் மாணவர்களுக்கு ஒரு சொல்: மலையாளி என்பது இந்த மலையின் பழங்குடி மக்களுடைய பெயர். கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. காஞ்சியிலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்று சொல்லும் மரபு அவர்களிடம் உண்டு.)

வங்காளத்தில் 1943இல் பஞ்சம் வந்தது. இறந்தவர்கள் 15 லட்சம் என்றது அரசின் விசாரணைக் குழு. 30 லட்சம் வரை என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தப் பிணங்களுக்குப் பிறகுதான் அரசு விழித்தது. கிரெகரி தலைமையிலான குழு பெரிய நகரங்களில் கட்டாயப் பங்கீடு வேண்டும், வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் வேண்டும் என்றது. சென்னை நகருக்கும் 1943இல் பங்கீடு வந்தது. 1946இல் அந்த அளவு 12 அவுன்ஸாகக் குறைந்தது. இன்றைய கணக்கில் 340 கிராம். கட்டிடத்துக்குக் கல் சுமக்கும் ஆளுக்கும் தறி நெய்யும் ஆளுக்கும் சோறுதான் முழு உணவு என்றிருந்த காலத்தில் 340 கிராம் எவ்வளவு சிறியது என்பது பசித்தவர்களுக்குத் தெரியும். 1952 ஜூனில் ராஜாஜி முதலமைச்சராக இருந்து கட்டுப்பாட்டை எடுக்கும்வரை சென்னைக்காரர்களின் அடுப்பு பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் எரிந்தது. மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. அரிசிக்கு அட்டை நீட்டிக்கொண்டிருந்த ஊரில்தான் அந்த நூல் அச்சானது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஆயா போளூரிலிருந்து சென்னைக்குத் திரும்பியபோது வீட்டில் ஆறு பேர். கடையில் அரிசி குறைவு, அதில் ஒரு பகுதிக்குக் கோதுமை. கோதுமையை என்ன செய்வதென்று தெருவில் பலருக்குத் தெரியவில்லை. ஆயாவுக்குத் தெரிந்தது, மலைச் சாமை கற்றுக்கொடுத்திருந்ததே. கோதுமையைத் திரிகையில் இரண்டு மூன்றாக உடைத்தார். மாவைச் சலித்துத் தனியே எடுத்துவைத்தார். உடைத்த நொய்யை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, அரிசி முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது கலந்து வடிக்காமல் ஆக்கினார். மூன்று ஆழாக்கு அரிசியும் ஒன்றரை ஆழாக்கு நொய்யும் ஆறு பேருக்கு இரண்டு வேளை வந்தது. சலித்த மாவு இரவில் கரைத்த தோசையாயிற்று. பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூம் இதே நெருக்கடியில்தான் அரிசிக்குப் பதில் ரவையைப் போட்டு இட்லி வார்த்ததாகச் சொல்கிறது. அந்தப் பெயர் நாடறிந்தது. திரிகை சுற்றிய பெண்களின் பெயரை எங்கும் எழுதவில்லை.

வடிக்காமல் ஆக்குவது என்று சொன்னேன். அது பெரிய விஷயம். வடித்தால் அரிசியின் சத்தில் ஒரு பங்கு கஞ்சித் தண்ணீரோடு போய்விடும். வடித்தே தீரவேண்டிய நாளில் அந்தக் கஞ்சியை ஆயா கொட்டியதில்லை. உப்பும் மோரும் விட்டு பிள்ளைகளுக்குத் தருவார். மிஞ்சியது தாத்தாவின் வேட்டிக்குக் கஞ்சியாகப் போகும். கொள்ளை ஒருதரம் வேகவைத்து இரண்டு தரம் சாப்பிட வைப்பார். வெந்த நீரில் புளி கரைத்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம். வெந்த கொள்ளில் பாதி கடையல், பாதி மாலையில் சுண்டல். முள்ளங்கி வாங்கினால் இலையும் பொரியலாகும், பீர்க்கங்காய் வாங்கினால் தோல் துவையலாகும். எரிபொருளுக்கும் தட்டுப்பாடு, மண்ணெண்ணெயும் அளந்துதான் கிடைத்தது. பருப்பை முன்னிரவே ஊறவைப்பதும், கொதி வந்த பானையை இறக்கி வைக்கோலும் பழந்துணியும் திணித்த கூடையில் மூடிவைத்து மிச்சச் சூட்டிலேயே வேகவிடுவதும் அந்தக் காலத்துப் பழக்கம். கங்கிலே வெந்துக்கும் என்று மலையாளி அக்கா சொன்னதன் நகரத்து வடிவம்தான் அந்தக் கூடை.

இதே ஆண்டுகளில் பிரிட்டனில் உணவு அமைச்சகமே சமையல் கற்றுக்கொடுத்தது. அங்கே பங்கீடு 1940 ஜனவரியில் தொடங்கி 1954 ஜூலையில்தான் முழுதாக முடிந்தது. வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு அவுன்ஸ் வெண்ணெய், இரண்டு அவுன்ஸ் தேயிலை என்ற அளவு. உணவு அமைச்சர் ஊல்ட்டன் பெயரால், கிழங்கும் காரட்டும் ஓட்ஸும் கொண்ட இறைச்சியில்லாத ஒரு பை பலகாரம் நாடெங்கும் பரவியது. காலை நேரத்தில் வானொலியில் சிக்கனச் சமையல் பேச்சு. துண்டறிக்கை, சுவரொட்டி எல்லாம் உண்டு. அந்தக் குறிப்புகளை இன்றும் அச்சிட்டு விற்கிறார்கள், வாங்கிச் சமைத்துப் பார்க்கிறார்கள். ஓர் அரசு குடும்பத்தின் அடுப்படியை மதித்து அதற்கு எழுத்து வடிவம் கொடுத்தது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

நம் பக்கத்தில் அறிவு இல்லாமல் இல்லை. நீலகிரியில், குன்னூரில், ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இருந்தது. மெக்காரிசன் தொடங்கிவைத்த ஆய்வு, 1935 முதல் 1945 வரை அய்க்ராய்டு அதன் இயக்குநர். இந்திய உணவுகளின் சத்துகளை அட்டவணையாக்கி 1937இல் ஒரு கையேடு வெளியிட்டார்கள். கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். தீட்டிய அரிசியில் பத்தை ஒட்டித்தான். களி தின்கிறவர் எலும்பு ஏன் உரமாக இருக்கிறது என்று மலையில் கேட்டால் சிரிப்பார்கள்; குன்னூர் அதற்கு எண் கொடுத்தது. அந்த அய்க்ராய்டே பின்னர் வங்காளப் பஞ்ச விசாரணைக் குழுவில் உறுப்பினராக உட்கார்ந்தார். ஆனால் அந்த அட்டவணை போக வேண்டிய இடம் அரிசிக்கடை. அங்கே அது போய்ச் சேரவில்லை.

கிழங்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவிதாங்கூரைப் போர் முழுவதும் தாங்கியது மரவள்ளி. மலாயாவில் ஜப்பானியர் காலத்தை எங்கள் தோட்டத் தொழிலாளர்கள் மரவள்ளி தின்ற காலம் என்றே சொல்வார்கள். வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல்போனதால்தான் சேலத்தில் 1943இல் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் பிறந்தது. இன்று பாயசத்தில் மிதக்கும் அந்த வெள்ளை முத்து ஒரு போர்க்குழந்தை.

இன்னொரு போரின் கஞ்சியைப் பற்றி இங்கே சொல்லாமல் போக என்னால் முடியாது. 2009இல், இலங்கைப் போரின் இறுதியில், முள்ளிவாய்க்காலில், கடலுக்கும் குண்டுக்கும் இடையில் சிக்கிய மக்களுக்குக் கடைசியில் மிஞ்சியது அரிசியும் தண்ணீரும் உப்பும். அதைப் பெரிய அண்டாவில் காய்ச்சி வரிசையில் நின்றவர்களுக்கு ஊற்றினார்கள். வரிசையிலேயே இறந்தவர்கள் உண்டு. இப்போது ஒவ்வொரு மே மாதமும் ஈழத்திலும் தமிழர் வாழும் பிற நாடுகளிலும் அதே கஞ்சியைக் காய்ச்சி, தெருவில் போகிறவர்களுக்குக் கையில் கொடுக்கிறார்கள். தேங்காய்ப்பால் இல்லாமல், சுவை கூட்டாமல். போர்க்காலச் சமையலை நான் அழகுபடுத்திப் பேசினால் அந்தக் கஞ்சி என்னைத் தடுக்கும். சிக்கனத்துக்கும் பட்டினிக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. ஆயா கோட்டின் இந்தப் பக்கம் நின்றார். அவருக்கு அட்டை இருந்தது, கடை இருந்தது, சம்பளம் இருந்தது.

இனி மலைக்கு வருகிறேன். முன்வரிசையில் இருக்கும் அம்மாமாரே, நான் இதுவரை நகரத்தின் போர்க்கால அறிவு என்று சொன்ன ஒவ்வொன்றும் உங்களுக்கு அன்றாடம். உங்கள் களி அதற்குச் சான்று. முதலில் சாமை நொய்யைக் குழைய வேகவைத்து, அதன்மேல் கேழ்வரகு மாவைக் குவித்து, நடுவில் துளையிட்டு ஆவி ஏறவிட்டு, பிறகு துடுப்பால் கிண்டுகிறீர்கள். இரண்டு தானியம், ஒரு பானை, ஒரு தீ. மிஞ்சிய களி தண்ணீரில் இருந்து காலையில் மோரும் வெங்காயமும் சேர்ந்து குடிக்கக் கூடியதாகிறது. சாமைக் கொல்லையில் களையெடுக்கும்போதே பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் மடியில் சேருகின்றன. களையே குழம்பாகிறது. கொல்லை ஓரத்து அவரையும் மொச்சையும் புரதம், சொந்த மரத்துப் புளி புளிப்பு. கடையில் வாங்க வேண்டியது உப்பு ஒன்றுதான் என்று ஒரு பாட்டி போன ஆண்டு என்னிடம் சொன்னார்.

சாமை ஏன் இந்த மலைக்கு ஏற்றது என்பதற்குத் தனிப் பேச்சு வேண்டும். சரிவில், மேல்மண் மெலிந்த இடத்தில், மழையை மட்டும் நம்பி நிற்கும். ஆடியில் விதைத்தால் மூன்று மாதத்தில் வீடு வந்துவிடும். உமியோடு வைத்தால் ஆண்டுகள் தாங்கும், பூச்சி எளிதில் அண்டாது. குதிரில் சாமை இருக்கும் குடும்பத்துக்கு, ஒரு பருவம் பொய்த்தாலும் அடுத்த பருவம்வரை வாழ வழியுண்டு. பிரிட்டன் கிடங்கு கட்டிச் செய்ததை மலைக்குடி குதிர் கட்டிச் செய்தது. சமவெளியில் மாரியம்மன் கோயில்களில் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறார்கள் அல்லவா, அதுவும் பழைய விளைச்சல் தீர்ந்து புதியது வராத மாதத்துக்கு ஊர் கண்ட ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் இந்தச் சாமையை உண்பதற்கு முன் குத்த வேண்டும். நான் ஒருநாள் குத்திப் பார்த்தேன். அரைமணியில் தோள் இறங்கிவிட்டது. சாமையின் உமி கெட்டி. குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும், பிறகு கல் அரிக்க வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து பெண்கள்தான் இதைச் செய்தார்கள். ஆகவே நியாயவிலைக் கடையின் அரிசி மலையேறி வந்தபோது பெண்கள் உலக்கையைச் சாத்திவைத்தது சரியான செயல். 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. அந்த அரிசி இந்த மலையில் பசியைக் குறைத்தது. அதைக் குறைசொல்ல நகரத்திலிருந்து வரும் எவருக்கும் உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது.

என் மனக்குறை வேறு. போர்க்காலத்தில் பிறந்த அந்தக் கடை ஒரே தானியத்தை மட்டும் தெரிந்துகொண்டு வளர்ந்தது. நகரத்துக்கு அரிசி போதாதபோது கோதுமையைக் கலக்கச் சொன்ன கடை, சாமை விளையும் மலைக்கு வந்து அரிசியை மட்டும் கொடுத்தது. அதன் விளைவை நீங்கள் என்னைவிட நன்றாகப் பார்க்கிறீர்கள். சாமை விற்கும் பயிராகிவிட்டது. மூட்டையாக இறங்கிப் போய், தீட்டப்பட்டு, சென்னையில் சிறுதானியக் கடையில் அரிசியைவிடக் கூடுதல் விலையில் அழகான பையில் நிற்கிறது. சர்க்கரை நோய்க்கு அஞ்சி நகரத்தார் அதைத் தேடித் தின்கிறார்கள். அது விளைந்த வீட்டில் மூன்று வேளையும் தீட்டிய வெள்ளைச் சோறு. களிக்குத் துடுப்பு பிடிக்கத் தெரியாத இருபது வயதுப் பெண்கள் இந்த மலையிலும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் தவறில்லை, வீட்டில் கிண்டவில்லை என்றால் எங்கே கற்பார்கள்?

இன்று தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு நபருக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் என்கிறது. நாளுக்கு 170 கிராமுக்கும் குறைவு. 1946இல் மக்கள் முணுமுணுத்த 12 அவுன்ஸில் பாதி அது. மீதி வயிற்றை எது நிரப்புகிறது என்பதில்தான் குடும்பத்தின் உடல்நலம் இருக்கிறது. அந்த இடத்தில் சாமையும் கேழ்வரகும் கொள்ளும் கீரையும் இருந்தால் ஒரு கதை. பாக்கெட்டில் அடைத்த நொறுக்குத் தீனி இருந்தால் வேறு கதை.

வழி இல்லாமல் இல்லை. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ஏடிஎல் 1 என்ற சாமை ரகம் அங்கிருந்து வந்ததுதான். ஆய்வும் பக்கத்தில், விளைச்சலும் பக்கத்தில், கடையும் பக்கத்தில். ஊருக்கு ஊர் சின்ன உமி நீக்கும் எந்திரமும் கல் பிரிக்கும் எந்திரமும் வந்துவிட்டால் உலக்கைக்குத் திரும்பு என்று எவரும் ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டியதில்லை. சாமை வேண்டுமென்றால் எந்திரம் முதலில் வர வேண்டும். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன். தட்டில் சாமை வைக்கச் சொல்லும் எந்தத் திட்டமும் பெண்ணின் தோளைக் கணக்கில் எடுக்காவிட்டால் அது நிற்காது, நிற்கவும் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை தர விரும்புகிறேன். உங்கள் வீட்டு ஆயா, பாட்டி ஒருவரிடம் உட்காருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஆழாக்கு, எதற்குப் பிறகு எது, எத்தனை கொதி, எப்போது தீயை இழுப்பது என்று கேட்டு அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். ‘கொஞ்சம்’ என்று அவர் சொன்னால் விடாதீர்கள்; அவர் கையில் அள்ளச் சொல்லி, அதை அளந்து எழுதுங்கள். அவர் பெயரையும், அவர் சம்மதித்தால், அதன் கீழே எழுதுங்கள். போளூர்த் திண்ணையில் உட்கார்ந்து போன அந்த அக்காவுக்கு நேர்ந்தது இனி ஒருவருக்கும் நேர வேண்டாம்.

அரசுக்கு ஒரு விண்ணப்பம். இந்த மலையில் விளையும் சாமையை இந்த மலையிலேயே நல்ல விலைக்கு வாங்கி, இங்கேயே உமி நீக்கி, ஜவ்வாது மலை ஒன்றியத்தின் நியாயவிலைக் கடைகளிலும் பள்ளிச் சத்துணவிலும் அரிசியோடு சேர்த்துக் கொடுங்கள். அரிசியைக் குறைக்க வேண்டாம். அதன்மேல் கூடுதலாக, விரும்பி வாங்குகிறவருக்கு. மாதம் ஆளுக்கு ஒரு கிலோவில் தொடங்கலாம். அடுத்த ஐப்பசியில் களத்துக்கு வரும் சாமை லாரி ஏறுவதற்கு முன், முதல் மூட்டை ஜமுனாமரத்தூர்க் கடையில் இறங்கட்டும்.